கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். உங்கள் குடியிருப்புப் பகுதியை மேம்படுத்த ஒரு திட்டம் எடுத்திருக்கிறீர்கள். அதில் 14 முதல் 20 வயது வரை உள்ளவர்களை இணை ஆய்வாளர்களாகச் சேர்க்க ஆசைப்படுகிறீர்கள். கேள்வித்தாள் தயார். அதைக் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பினால் போதுமா, அவர்கள் கொண்டுவரும் தகவலை நம்பலாமா, பெரியவர்களுக்கு இதில் என்ன வேலை என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை, போதாது. எதைக் கேட்பது என்று முடிவு செய்தது நீங்கள், வந்த பதிலைப் படித்து அர்த்தம் சொல்லப்போவதும் நீங்கள் என்றால், நடுவில் பிள்ளைகள் செய்வது கணக்கெடுப்பு. அதில் தவறில்லை. கணக்கெடுப்பு என்றே பெயர் சொல்லி, உரிய கூலி கொடுத்துச் செய்யச் சொல்லலாம். இணை ஆய்வாளர் என்று அழைத்துவிட்டால் வேறு கடமை வந்துவிடுகிறது. கேள்வி பிறக்கும் இடத்திலும் விடைக்கு அர்த்தம் சொல்லும் இடத்திலும் அவர்கள் இருக்க வேண்டும். இந்த இரண்டு முனைகளும் அவர்கள் கையில் இருந்தால், நடுவில் உள்ள படிவம் நிரப்பும் வேலையைப் பாதி நீங்களே செய்து கொடுத்தாலும் பரவாயில்லை. நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வெயிலில் அலைவது பிள்ளைகளுக்கு, யோசிப்பது பெரியவர்களுக்கு என்று பிரித்துவிடுகிறோம். பல ஆண்டுகள் இப்படிப்பட்ட குழுக்களோடு வேலை பார்த்ததில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இந்தப் பிரிவினைதான்.

கேள்வி யாருடையது என்பதால் என்ன மாறிவிடும் என்று தோன்றலாம். அதற்கு டெட்ராய்ட் கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். 1960களின் கடைசியில் அந்த அமெரிக்க நகரில் வில்லியம் பங்கி என்ற புவியியல் பேராசிரியரும், பதின்வயதின் முடிவில் இருந்த க்வெண்டொலின் வாரன் என்ற கறுப்பினப் பெண்ணும் சேர்ந்து ஒரு புவியியல் ஆய்வுப் பயணக்குழுவை நடத்தினார்கள். ஆய்வுப் பயணம் என்றால் எங்கோ தொலைதேசத்துக்குக் கப்பலேறுவது என்றிருந்த வழக்கத்தை மாற்றி, அந்தப் பகுதி இளைஞர்கள் தங்கள் சொந்தத் தெருக்களையே ஆராய்ந்தார்கள். 1971இல் அவர்கள் வெளியிட்ட வரைபடங்களில் ஒன்றின் தலைப்பு, வேலைக்குப் போய்வரும் காரோட்டிகள் கறுப்பினக் குழந்தைகள் மீது வண்டி ஏற்றும் இடங்கள் என்ற பொருளில் இருந்தது. புறநகரிலிருந்து நகர மையத்துக்குப் போகும் பாதை கறுப்பின மக்களின் குடியிருப்புக்கு ஊடே சென்றது. அதில் எந்தெந்த இடத்தில் குழந்தைகள் அடிபட்டார்கள் என்று புள்ளி வைத்துக் காட்டினார்கள். எந்தக் குழந்தை எப்போது, எங்கே, எப்படி இறந்தது என்ற தகவலைக் காவல்துறையிடமிருந்து பெறுவதற்கே அரசியல் ஆட்களின் உதவியை நாட வேண்டியிருந்தது என்று வாரன் எழுதியிருக்கிறார்.

இதையே ஒரு நகராட்சி அலுவலகம் வரைந்திருந்தால் ‘விபத்து அதிகம் நடக்கும் பகுதிகள்’ என்று தலைப்பு வைத்திருக்கும். விபத்து என்று சொல்லிவிட்டால் அது தானாக நடந்துவிட்ட சங்கதி. யார் வண்டி, எங்கிருந்து எங்கே போகிறது, யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விகள் அந்தச் சொல்லுக்குள் அடங்கிப்போகும். அந்தத் தெருவில் வளர்ந்தவர்கள் கேட்டதால்தான் கேள்வி அப்படி வந்தது. புள்ளிகள் அதேதான், கேள்வி வேறு. தீர்வும் அதனால் வேறாகிறது. நகராட்சியின் தலைப்பு குழந்தைகளுக்குச் சாலைவிதி சொல்லிக்கொடுப்பதில் போய் முடியும். இளைஞர்களின் தலைப்பு வண்டிகளின் வேகத்தையும் பாதையையும் பற்றிப் பேச வைக்கும்.

இதே காலத்தில் இன்னொரு பக்கம், நகர வடிவமைப்பு அறிஞர் கெவின் லிஞ்ச் 1970களில் யுனெஸ்கோ ஆதரவோடு அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, போலந்து ஆகிய நான்கு நாடுகளில் வளரிளம் பருவத்தினர் தங்கள் இடத்தை எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார். பிள்ளைகளே படம் வரைந்தார்கள், கூட்டிச்சென்று காட்டினார்கள். எல்லா இடங்களிலும் மரங்களுக்காக ஏங்கினார்கள் என்பது அதில் தெரிந்த விஷயங்களில் ஒன்று. 1990களின் நடுவில் லூயிஸ் சாவ்லா என்ற ஆய்வாளர் அந்த வேலையை மறுபடி உயிர்ப்பித்தபோது பெங்களூரின் சத்யநகரும் தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கும் சேர்ந்துகொண்டன. பிள்ளைகளிடம் தகவல் எடுப்பது என்ற நிலையிலிருந்து பிள்ளைகளோடு சேர்ந்து ஆராய்வது என்ற நிலைக்கு இந்த இடைவெளியில் துறையே நகர்ந்திருந்தது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு கிடைக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12ஆவது பிரிவு.

ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப்புக்காக வரைந்த பங்கேற்பு ஏணியை யாராவது உங்களிடம் காட்டியிருப்பார்கள். ஒரு திட்டத்தில் பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று காட்டும் எட்டுப் படிகள். 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் குடிமக்கள் பங்கேற்புக்கு வரைந்த ஏணியிலிருந்து பிறந்தது. கீழே உள்ள மூன்று படிகளான பயன்படுத்திக்கொள்வது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்குச் சேர்ப்பது ஆகியவற்றைப் பங்கேற்பு என்றே ஹார்ட் கணக்கில் எடுக்கவில்லை. இதை எல்லோரும் சொல்வார்கள். பலர் கவனிக்காமல் விடுவது மேல்படியை. உச்சியில் இருப்பது பிள்ளைகள் தனியாக எல்லாவற்றையும் நடத்துவது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். அது ஏழாவது படி. எட்டாவது படியில் பிள்ளைகள் தொடங்குகிறார்கள், முடிவுகளைப் பெரியவர்களோடு சேர்ந்து எடுக்கிறார்கள். ஆகவே ‘நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று விலகி நிற்பதை மரியாதை என்று நினைக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் மறைப்பது அவர்கள் நேரத்தை வீணாக்கும். எந்தச் சாலை எந்தத் துறைக்குச் சொந்தம், எந்த மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது தெரியாமல் இரண்டு மாதம் உழைத்துத் தவறான அலுவலகத்து வாசலில் போய் நின்ற குழுவைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை. கூட இருந்த பெரியவர்களில் ஒருவர் முதல் நாளே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

சரி, எங்கே தொடங்குவது? கேள்வித்தாளை அலமாரியில் வைத்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் கொண்ட குழு எனக்குச் சரியாகப் பட்டிருக்கிறது. மூன்று மூன்று பேராகப் பிரிந்து, தினமும் எந்த வழியாகப் போகிறார்களோ அந்த வழியில் உங்களைக் கூட்டிச்செல்லச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் நடக்க வேண்டும். வழியில் எங்கே நிற்பார்கள், எங்கே வேகமாக நடப்பார்கள், எங்கே சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஏன் இங்கே கடந்தீர்கள்?’ என்று ஒரு தடவை கேட்டால் அரைமணி நேரத்துக்குப் பேச்சு வரும். திரும்பி வந்ததும் பெரிய தாளில் அவரவர் வரைபடத்தை அவரவரே வரையட்டும். அச்சிட்ட வரைபடத்தை முதலில் காட்டிவிடாதீர்கள். காட்டினால் அதில் உள்ள தெருக்களைத்தான் நிரப்புவார்கள். அச்சு வரைபடத்தில் இல்லாத சந்து, சுவரில் விழுந்த ஓட்டை வழியே போகும் குறுக்குவழி, உட்காரத் தோதான படிக்கட்டு எல்லாம் வெற்றுத் தாளில்தான் வரும். சில குடியிருப்புகள் அரசாங்க வரைபடத்திலேயே இருப்பதில்லை. கொல்கத்தாவில் பிரயாசம் என்ற அமைப்பைச் சேர்ந்த பிள்ளைகள் அப்படி விட்டுப்போன தங்கள் குடிசைப் பகுதியைத் தாங்களே வரைபடமாக்கினார்கள்.

வரைபடங்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்தால் கேள்விகள் குவியும். நாற்பது ஐம்பதுகூட வரும். அவற்றிலிருந்து ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். அந்தச் சச்சரவுக்கு நேரம் கொடுங்கள். தேர்வுக்கு மூன்று உரைகற்கள் உதவும். இதற்கு விடை நமக்கு ஏற்கெனவே தெரியுமா? தெரிந்தால் ஆராய்ச்சி வேண்டாம், நேராக மனு எழுதலாம். நமக்கு இருக்கும் மாதங்களில் இதைக் கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்ததை வைத்து எதையாவது மாற்றக்கூடியவர் யாராவது இருக்கிறாரா? உங்களுக்கு முக்கியமாகப் படும் கேள்வி தோற்றுப்போகலாம். குப்பை பற்றி ஆராய்வார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க, மாலையில் உட்கார்ந்து பேச ஓர் இடம்கூட இல்லையே என்பதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் உங்களை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். உங்கள் நிதிக்கு நிபந்தனைகள் இருந்தால், தலைப்பு முன்பே முடிவாகியிருந்தால், அதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லை தெரிந்தால் பிள்ளைகள் அதற்குள் அழகாக வேலை செய்வார்கள். எல்லையே இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு இழுத்துப் பிடித்தால், அவர்களை மறுபடி வரவழைப்பது கடினம்.

இப்போது உங்களுக்கு அதிகச் சந்தேகம் உள்ள இடத்துக்கு வருகிறேன்: தகவலை நம்பலாமா? நம்பலாம், கற்றுக்கொடுத்திருந்தால். ஆராய்ச்சி என்பது பட்டம் வாங்கியவர்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை. தனக்கு இன்னும் தெரியாததை முறையாகத் தேடிக் கண்டறியும் திறன் எல்லோருக்கும் உள்ள உரிமை என்று மானுடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை 2006இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அவர் மும்பையில் தொடங்கிய PUKAR என்ற ஆய்வு அமைப்பு 2005 முதல் இளைஞர் குழுக்களை ஓராண்டு முழுவதும் தாங்களே தேர்ந்தெடுத்த தலைப்பில் ஆராய வைத்தது. அவர்களுக்கு அங்கே பெயர் வெறுங்கால் ஆய்வாளர்கள். ஆனால் உரிமை இருப்பதால் திறமை தானாக வந்துவிடாது. முறைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உதாரணத்துக்கு, கேள்வி கேட்பதை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் முதலில் எழுதும் கேள்வி பெரும்பாலும் ‘இங்கே குப்பை பெரிய பிரச்சினை என்று நினைக்கிறீர்களா?’ என்பது போல் இருக்கும். யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். ‘போன ஏழு நாளில் எத்தனை நாள் குப்பை எடுக்க வந்தார்கள்?’ என்று மாற்றினால் எண்ணக்கூடிய விடை வரும். இரண்டையும் குழுவுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசம் அவர்களுக்கே பிடிபடும். பிறகு ஐந்தாறு வீடுகளில் சோதித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். சோதிக்காத கேள்வித்தாளை யார் எழுதியிருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

அப்புறம், யாரிடம் கேட்பது. பிள்ளைகளை அப்படியே விட்டால் தெரிந்தவர்கள் வீட்டுக்குத்தான் போவார்கள். நாமும் அப்படித்தான் போவோம். வரைபடத்தில் எல்லாக் கதவுகளுக்கும் எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி எடுங்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்குத் தாவாமல் வேறு நேரத்தில் மறுபடி போக வேண்டும். பேச மறுத்தவர்களையும் ஒரு கோடு போட்டுக் கணக்கில் வைக்க வேண்டும். எண்ணும் வேலை என்றால், ஒரே இடத்தில் இரண்டு பேர் தனித்தனியாக, பதினைந்து நிமிடக் கூறுகளாக எண்ணட்டும். இருவர் கணக்கும் ஒத்துப்போனால் தைரியமாகப் பயன்படுத்தலாம். ஒத்துப்போகவில்லை என்றால் காரணத்தைத் தேடுங்கள். இடுப்பில் குழந்தையோடு சாலையைக் கடந்த பெண்ணை ஒருவர் இரண்டு பேராகவும் மற்றவர் ஒருவராகவும் எண்ணியிருப்பார். ‘கடப்பவர்’ என்றால் யார் என்று அப்போதுதான் குழு வரையறுக்கும். அந்த வரையறையைப் படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். வேலைநாள், விடுமுறை நாள், காலை, மாலை என நான்கு வேளையாவது எண்ணாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

புகைப்படமும் நல்ல கருவி. 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கிராமப் பெண்கள் கையில் கேமரா கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களை வைத்தே பேச வைத்த கரோலைன் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் உருவாக்கிய முறை இன்று உலகம் முழுவதும் இளைஞர் குழுக்களில் புழங்குகிறது. படத்தைவிட அதைச் சுற்றி நடக்கும் பேச்சுதான் அதில் முக்கியம். இதில் என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, இது நம் வாழ்க்கையை எப்படித் தொடுகிறது, இது ஏன் இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம் என்ற வரிசையில் பேச்சு போகும். நான்காவது கேள்வியைத் தாண்டாமல் ஐந்தாவதுக்கு ஓடிவிடுவது எல்லாக் குழுக்களிலும் நடக்கும். ‘ஏன்’ என்ற இடத்தில் நிறுத்தி வைப்பது உங்கள் வேலை.

ஏன் என்பதற்கு விடை சொல்லும் கட்டத்தில்தான் பிள்ளைகளைப் பெரும்பாலும் வெளியே அனுப்பிவிடுகிறோம். ‘தகவல் வந்துவிட்டது, நன்றி, அறிக்கை தயாரானதும் கூப்பிடுகிறோம்.’ இந்தத் தவறை நானே செய்யவிருந்தேன். ஒரு குழுவோடு வேலை செய்தபோது, பெண்பிள்ளைகள் யாரும் ஒரு குறிப்பிட்ட நடைபாதையை மாலையில் பயன்படுத்துவதில்லை என்று கணக்கில் வந்தது. அங்கே வெளிச்சம் குறைவு. பெரியவர்கள் நாங்கள் உட்கார்ந்து ‘விளக்கு வேண்டும்’ என்று எழுதி முடித்துவிட்டோம். அறிக்கை போகும் முன்பு எதற்கும் ஒருமுறை அவர்களிடம் படித்துக் காட்டினேன். ஒரு பெண் உடனே சொன்னாள்: “விளக்குப் போட்டா இன்னும் மோசம். வெளிச்சத்துல நாங்கதான் பளிச்சுன்னு தெரிவோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருட்டுல நிக்கிறவங்க எங்களுக்குத் தெரியமாட்டாங்க.” அவர்கள் கேட்டது, பாதையின் ஓரத்தில் இருந்த உயரமான சுவரை இடுப்பளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதும், நடுவில் வெளியேற இன்னொரு வழி வேண்டும் என்பதும்தான். விளக்கு அதற்குப் பிறகு. அன்றிலிருந்து விளக்கம் சொல்லும் கூட்டத்தை அவர்கள் இல்லாமல் நான் நடத்தியதே இல்லை.

அந்தக் கூட்டத்தை நடத்துவது எளிது. ஒவ்வொரு பதிலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு சீட்டு எந்தக் குவியலுக்குப் போக வேண்டும் என்று இருவர் வாதிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையின் மிகச் சிறந்த பத்தி அந்த வாதத்திலிருந்துதான் வரும்.

யார் வரவில்லை என்பதும் தகவல்தான். 1990களில் வியன்னாவில் பூங்காக்களைக் கவனித்தபோது, சுமார் பத்து வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் அங்கே வருவது சட்டென்று குறைந்துபோவது தெரிந்தது. பெரிய திறந்த மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டால் பெண்பிள்ளைகள் போட்டி போடாமல் விலகிவிடுகிறார்கள். இடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளும் வேறு ஆட்டங்களுக்கான களங்களும் சேர்த்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள். பூங்காவில் இருப்பவர்களை மட்டும் பேட்டி எடுத்திருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது.

உங்கள் குழுவுக்கும் இதே அளவுகோலை வையுங்கள். பள்ளியில் நன்றாகப் பேசும் பிள்ளை, சங்கத் தலைவரின் உறவுக்காரப் பையன் என்று குழு அமைந்துவிடும். வேலைக்குப் போகும் பதினேழு வயதுப் பையன், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண், சக்கர நாற்காலியில் இருப்பவர், பள்ளியை விட்டவர் எல்லாம் தேடிப் போய் அழைத்தால்தான் வருவார்கள். கூட்டத்தை எந்த நேரத்தில் வைக்கிறீர்கள் என்பதே யார் வருவார்கள் என்பதைப் பாதி முடிவு செய்துவிடும். போக்குவரத்துச் செலவும் உழைப்புக்கான ஊதியமும் கொடுங்கள். வல்லுநருக்குக் கட்டணம் உண்டு, பிள்ளைகளுக்குச் சான்றிதழ் மட்டும் என்பது நியாயமில்லை. அறிக்கையில் ஆசிரியர்களாக அவர்கள் பெயர் வர வேண்டுமா என்று அவர்களிடமே கேளுங்கள். சிலர் பாதுகாப்புக்காக வேண்டாம் என்பார்கள், அதையும் மதிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதாது, அவர்களுடைய சொந்தச் சம்மதமும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். களத்துக்கு யாரும் தனியாகப் போகக்கூடாது. படிவத்தில் பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்னக் குடியிருப்பில் ‘இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழும் தையல்காரர்’ என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். கைப்பேசிப் படத்தில் இடக்குறிப்பை அணைத்துவிடச் சொல்லுங்கள். படத்தில் இருப்பவரிடம் எடுக்கும்போது ஒருமுறை, பார்வைக்கு வைக்கும் முன் ஒருமுறை என இரண்டு தடவை சம்மதம் வாங்குங்கள். பேட்டியின் நடுவே யாராவது வீட்டில் அடி வாங்குவதையோ அதைவிட மோசமான ஒன்றையோ சொல்லிவிட்டால், அதைக் கேட்ட பதினைந்து வயதுப் பிள்ளை தன் மனதிலேயே சுமக்கக்கூடாது. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பெரியவர் பெயர் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ரகசியமாக வைப்போம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும், அதைப் பேட்டிக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும்.

இன்னொரு ஆபத்து கொஞ்சம் மறைவாக இருக்கும். பெண்பிள்ளைகள் ‘எங்களுக்குப் பயமாக இருக்கும் இடங்கள்’ என்று வரைபடம் போட்டால், அதைப் பார்த்த பெற்றோர் அவர்களை வெளியே விடாமல் நிறுத்திவிடலாம். பையன்கள் கூடும் இடத்தைக் குறித்தால் அங்கே காவல்துறை வந்து விரட்டலாம். எந்த வரைபடத்தை யாருக்குக் காட்டுவது, எதைக் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்ற முடிவு வரைந்தவர்களுடையது. அதோடு, குறைகளை மட்டுமே தேடும் ஆய்வு அந்த ஊருக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்கும். பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஈவ் டக் என்ற ஆய்வாளர் 2009இல் இதைப் பற்றி உருக்கமாக எழுதினார். சேதத்தை மட்டும் ஆவணப்படுத்தும் ஆய்வுகள் ஒரு சமூகத்தை உடைந்துபோன கூட்டமாகவே காட்டி நிறுத்திவிடுகின்றன என்பது அவருடைய முறையீடு. உங்கள் குழுவிடம் எது பிடிக்கும், எதை மாற்றவே கூடாது என்றும் கேளுங்கள். நீங்கள் இடிக்க நினைத்த ஒரு திண்ணையை அவர்கள் காப்பாற்றித் தரக்கூடும்.

கடைசியாக, கேட்பவர்கள் யார்? பெல்ஃபாஸ்ட்டைச் சேர்ந்த லாரா லண்டி என்ற அறிஞர் 2007இல் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவை நான்கு சொற்களில் விளக்கினார்: இடம், குரல், செவி, செல்வாக்கு. முதல் இரண்டை எல்லோரும் கொடுத்துவிடுகிறோம். ஒரு கூடம், ஒரு ஒலிவாங்கி, பிறகு கைதட்டல். மூன்றாவதும் நான்காவதும்தான் கிடைப்பதில்லை. நான் மேலே சொன்ன ஜோஹன்னஸ்பர்க்கில், கானான்ஸ்லாண்ட் என்ற ஆக்கிரமிப்புக் குடியிருப்பின் பிள்ளைகள் தங்கள் வரைபடங்களையும் தேவைகளையும் மேயர் நடத்திய பட்டறையில் அதிகாரிகள் முன்னால் வைத்தார்கள். எல்லோரும் கேட்டார்கள். ஆனால் பின்னர் அந்தக் குடியிருப்பே அங்கிருந்து அகற்றப்பட்டு, நகரத்துக்கு வெளியே வெகு தூரத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நல்ல ஆய்வும் தோற்கலாம் என்பது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும், அது அவர்கள் குற்றமில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

உங்களால் முடிந்த முன்னேற்பாடு ஒன்று உண்டு. முதல் நடைக்குப் போகும் முன்பே, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரைப் பிடித்து எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். குழு தரும் ஒவ்வொரு பரிந்துரைக்கும் இத்தனை வாரத்துக்குள் பதில் தருவேன் என்று அதில் இருக்க வேண்டும். செய்கிறோம், செய்யமாட்டோம், இன்னும் விவரம் வேண்டும் என மூன்றில் ஒன்று. செய்யமாட்டோம் என்றால் காரணம். மறுப்பைக்கூடப் பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், பதிலே வராததைத்தான் தாங்கமாட்டார்கள். அப்படி ஒப்புக்கொள்ள யாருமே முன்வரவில்லை என்றால், ஆய்வின் அளவைச் சுருக்கி, உங்கள் சங்கமே செய்து முடிக்கக்கூடிய ஒன்றை எடுங்கள். ஒரு பெஞ்சு, ஒரு நிழல், ஒரு சுவரில் ஒரு வாசல். ஆய்வு நடக்கும்போதே, இரண்டாவது மாதத்துக்குள், கண்ணுக்குத் தெரியும் ஒரு சின்ன மாற்றமாவது நடந்துவிட வேண்டும். பதினாறு வயதில் ஓர் ஆண்டு என்பது மிக நீளம். திட்டம் முடிவதற்குள் பாதிப் பேர் கல்லூரிக்கோ வேலைக்கோ போய்விடுவார்கள்.

அதனால்தான் படிவங்களையும் வரையறைகளையும் எண்ணிய இடங்களின் குறிப்பையும் ஒரு கோப்பில் போட்டுக் குழுவிடமே ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். ஏதாவது கட்டப்பட்டோ மாற்றப்பட்டோ ஆறு மாதம் ஆனதும், அதே இடத்தில், அதே நாளில், அதே நேரத்தில், அதே படிவத்தோடு மறுபடி எண்ண வேண்டும். முதலில் எண்ணியவர்களில் இருவர் வந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு எப்படி எண்ணுவது என்று காட்டிக்கொடுக்கட்டும். பெஞ்சு போட்ட பிறகும் யாரும் உட்காரவில்லை என்று கணக்கு சொன்னால், புதுக் குழுவின் முதல் கேள்வி தயார்.